விசாலாக்ஷி அம்மாளுக்கு முத்திரையிட்ட கடிதம் ஒன்று

அனுப்புநர்:
ச. இசக்கிமுத்து,
முன்னாள் விமான ஃபிட்டர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
விமானப் பயிற்சித் தலைமை அலுவலகம்.

பொருள்: 1968 பயிற்சி விமான விபத்து – இறந்தவரின் தாயாருக்கு உண்மையைத் தெரிவிக்கக் கோருதல் – ஐந்தாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் 3.6.77 தேதியிட்ட பதில் கிடைத்தது. "மேற்படி ரக விமானங்கள் சேவையிலிருந்து நீக்கப்பட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது" என்று கண்டேன். விமானம் போனதும் விபத்தும் போய்விட்டது என்பது தங்கள் அலுவலகத்தின் கருத்து என எடுத்துக்கொள்கிறேன்.

2. அந்த இரட்டை இருக்கை விமானத்தை 1961 வெள்ளோட்டத்திலிருந்தே அறிந்தவன் நான். நல்ல விமானம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் தடாலென்று இறக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். குறை ஒன்றுதான்: பெட்ரோல் வால்வின் கைப்பிடியைப் பிடித்திருந்த சிறிய ஆணி. அது தேய்ந்தால் கைப்பிடி தானாகவே நழுவி, பெட்ரோல் நின்றுவிடும். 1967-இல் விமானப் பராமரிப்புப் பதிவேட்டில் இதை மூன்று முறை எழுதினேன். "வடிவமைப்பு சரியானதே" என்று மூன்று முறையும் சிவப்பு மையில் பதில் வந்தது.

3. 14.9.1968 காலை, இருபது வயது மாணவர் சந்திரமௌலி தனியாகப் பறந்தார். எஞ்சின் நின்று, ஏரிக்கரையில் விழுந்து இறந்தார். விசாரணையில் அந்தப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. "ஃபிட்டரின் அஜாக்கிரதை" என்று எழுதி என்னை நீக்கினார்கள். மயிலாப்பூரில் இருக்கும் அவருடைய தாயார் விசாலாக்ஷி அம்மாளுக்கும் அப்படியே எழுதினார்கள், என் பெயரோடு.

4. 1971-இல் எல்லா விமானங்களிலும் அந்த ஆணியை மாற்ற உத்தரவு வந்தது. சென்ற ஆண்டு அவை ஓய்வு பெறும்வரை அந்தக் கோளாறு மறுபடி வரவில்லை. அங்கே என்னுடன் வேலை பார்த்த ஷரஃபுதீன் சொல்லி அறிந்தேன்.

5. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து வாங்கிப் படித்தார். "நீங்களே எழுதிண்டு வந்ததை நான் எப்படி நம்பறது? உங்க பேரை எனக்கு எழுதினவாளே மறுபடியும் முத்திரை போட்டு எழுதட்டும். அதுவரைக்கும் இந்தாத்துப் படியேறாதேங்கோ" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை.

6. வேலையையோ ஓய்வூதியத்தையோ நான் கேட்கவில்லை. தியாகராய நகரில் மைத்துனரின் பாத்திரக் கடையில் என் பிழைப்பு நடக்கிறது. 1967 குறிப்புகளையும் 1971 உத்தரவையும் எடுத்துச் சொல்லி, தங்கள் முத்திரையோடு அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். எனக்கு நகல் வேண்டாம்.

அதன் பிறகு அவருக்கு வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண்ணிலும் புரை விழுந்திருப்பதாகக் கேள்வி. பிறர் படித்துச் சொன்னால் நம்பமாட்டார். ஆகவே கடிதத்தைப் பெரிய எழுத்தில், காலம் கடத்தாமல் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

சென்னை-33,
18.7.1977

இப்படிக்கு,
ச. இசக்கிமுத்து