தோடம்பழப் பணிஸ்

கொட்டாஞ்சேனை,
1997

அன்புள்ள தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கென்று நீ கொடுத்தனுப்பிய தோடம்பழப் பணிஸ் கிடைத்தது. மாவில் ஒரேஞ்ச் தோலைத் துருவிப் போட்டு, மேலே சீனிப்பாகும் பூசியிருக்கிறாய். கெட்டிக்காரிதான்.

ஆமிக்காரர் எங்கள் தெருவைச் சுற்றிவளைத்துத் தேடிய அன்று, என் மகனை ட்ரக்கில் ஏற்றும்போது உன் கதவைத்தான் தட்டினேன். உன் சிங்களம் சுத்தமானது. பிறந்ததிலிருந்து தெரிந்த பிள்ளை என்று அவர்களிடம் வந்து ஒரு சொல் சொல்லும்படி கேட்டேன். நீ ஜன்னலால் சொன்னாய்:

"பணிஸ் வேகுது அக்கா, விட்டிட்டு வந்தால் கருகிப்போகும்."

அவனை இன்னும் விடவில்லை. நேற்றுக் கோயிலில் அவனுக்காக மெழுகுதிரி கொளுத்தினாயாம். அதற்குச் சிங்களம் தேவையில்லை.

பணிஸைத் தட்டோடு திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கருகவில்லை.

இப்படிக்கு,
எதிர்வீட்டு அக்கா