பட்டியலில் இல்லாத கோப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்த வாரம் மருந்து ஏற்றிய பிறகு அம்மாவுக்கு வாந்தி குறைந்ததா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். நரம்பில் மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம் அல்லவா? அளவு மீறினால் கருவியை நிறுத்தும் பகுதியை எழுதியவள் நான். எந்தெந்தக் கோப்புகளைச் சேர்த்து, ஓடும் நிரலாக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இல்லாத கோப்பு கணினியில் சும்மா கிடக்கும், கருவிக்குள் போகாது. திங்களன்று பார்த்தால், என் கோப்பின் பெயரை மட்டும் காணோம்.

மேலாளரிடம் கேட்டேன்.

"அதைச் சேர்த்தா சோதனையில கருவி நின்னு நின்னு போகுதும்மா. போன தடவையும் எடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினோம். யாரு செத்தா?" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

"அளவு மீறுறதாலதான சார் நிக்குது!"

"ரொம்பப் பேசாத. வேலை வேணுமா, வேணாமா?"

பெயரைச் சேர்த்தேன். அவர் எடுத்தார். மறுபடியும் சேர்த்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதி முதலாளிக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அலுவலகத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

ஒரு உதவி. அம்மாவின் கட்டிலருகே நிற்கும் கருவியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். மருந்து ஏறும்போது டீ குடிக்கக்கூட வெளியே போகாதீர்கள். சொட்டுகளை நீங்களே எண்ணுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். போகிறேன்.

உங்கள் மகள்