தார் என்று துடைத்தது

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகுகளைக் கரையேற்றி, அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறோம். தார் வாசனை எனக்குப் பழகியதுதான். இன்று சாயங்காலம் காலில் ஒட்டிய தாரைத் துடைக்க டீசல் துணியைக் கையில் எடுத்தேன். எதிரில் காலை நீட்ட நீ இல்லை.

வேலை முடிந்ததும் கவிழ்த்த டின்களில் எதிரெதிரே உட்காருவோம். உன் கால் என் மடியில், என் கால் உன் மடியில். தன் உள்ளங்காலைத் தானே பார்த்துத் துடைக்க வராது, ஜோடிக்காரன்தான் துடைக்க வேண்டும். பதினாறு வருஷம் உன் பாதத்தை உன் பெண்டாட்டியைவிட நான்தான் அதிகம் பார்த்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடைக்காலத்தில், உன் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் போகவில்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன்.

"இன்னா மாமு, தோலையே உரிச்சிடுவ போல கீது?"

"பழைய தாருடா. தானா போவும்" என்றேன்.

அடுத்த தடைக்காலத்தில் அது ஓரம் பிசிறிப் பெரிதாகியிருந்தது. ஒருநாள் ரத்தமும் கசிந்தது. அப்போதும் துடைத்தேன். அப்படி ஒரு மடையன் நான்.

ஆஸ்பத்திரியில் தோல் புற்றுநோய் என்றதும் நீ சிரித்தே விட்டாய். "எங்க கறுப்பப் பாத்தா வெயிலே பயப்படும்மா" என்றாய். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வெயில் பட்டால் தோலே ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம், புரதத்தின் சின்னத் துணுக்கு. அது நிறம் தரும் செல்களிடம் போய்க் கறுப்பை உண்டாக்கச் சொல்லும். அந்தக் கறுப்புதான் தோலைக் காக்கிறது. உனக்கு வந்தது வெயிலால் இல்லை, உள்ளங்காலில் வெயில் ஏது? ஆனால் நிறச் செல்களே கெட்டுப்போனால், சில சமயம் அதே ஹார்மோனைத் தாங்களே சுரந்துகொள்ளும், உடம்பின் காவலிலிருந்து தப்பவும் அது உதவலாம் என்றார். "எங்களுக்கே இன்னும் முழுசா புரியலை."

"அப்போ வாட்ச்மேனே திருடனுக்குக் கதவத் தொறந்துட்டான்னு சொல்லு" என்றாய். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா இருக்கு இது?" என்று அவர் கேட்டார். உன் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய்.

"இப்பதாம்மா. ஒரு மாசமா கீது. யாரும் பாக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. தொடையிடுக்கில் கட்டி வந்தது, பிறகு நுரையீரலுக்குப் போனது. பொங்கல் தாண்டவில்லை நீ. காலடிப்பேட்டை வீட்டில் உன்னைக் குளிப்பாட்டியபோது நான் தலைமாட்டிலேயே நின்றுகொண்டேன், கால் பக்கம் போகவில்லை.

இன்று புது ஜோடிக்காரனின் பாதத்தில் கறுப்பாக ஒன்று இருந்தது. செல்போன் வெளிச்சம் அடித்துத் துடைத்தேன். "இன்னா நைனா, புதையலு தேடுற?" என்று சிரித்தான். தார்தான், வந்துவிட்டது. துணியைக் கீழே போட்டேன். அப்படியே உன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் நின்றபடியே உன் மனைவியிடம் சொன்னேன். "ஒரு மாசமில்லம்மா. ரெண்டு தடைக்காலம். நான் பாத்துகினேதான் இருந்தேன்."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "தெரியும்ணா. அது சாவறதுக்கு முந்தியே சொல்லிச்சு. உன்னாண்ட கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினு போச்சு. நானும் கேக்கல."

எப்போது போனாலும் "குந்துண்ணா" என்பாள். இன்று சொல்லவில்லை.