அம்மா பாதியில் விட்ட அலமாரி

பாப்பா, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அலமாரியைத் தொடாதே, வார்னிஷ் காயவில்லை. இடது கதவில் தெரியும் கீறல்கள் நான் உப்புத்தாளைக் குறுக்கே தேய்த்ததால் வந்தவை. "மர ரேகை போற போக்குல தேய்ங்க, இது என்ன அடிபிடிச்ச பாத்திரமா?" என்று அம்மா அப்போதே திட்டினாள்.

நேற்றுக் கடைசிப் பூச்சு முடிந்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவில், "ஏய், இங்க வந்து பாரேன்!" என்று கத்தினேன். நீ ஓடி வந்தாய். "உன்னை யாரு கூப்பிட்டா?" என்று எரிந்து விழுந்தேன். நான் கூப்பிட்டது அம்மாவை. அவள் இறந்து மூன்று மாதமாகியும் வாய்க்கு அது தெரியவில்லை.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

அப்பா

பி.கு. கைப்பிடி இன்னும் போடவில்லை. சாயங்காலம் நீ கதவைப் பிடித்துக்கொண்டால் திருகிவிடுவேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, வந்து பிடி.