எஸ்தர் எழுதிய ஸ்கிரிப்டும் ஒரு வரியும்

என் எஸ்தருக்கு,

லிங்கராஜபுரம் வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். உங்கம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நான்தான் சோறு இறங்காமல் திரிகிறேன். காரணம், ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை வரிசைப்படுத்தி நீ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்.

நம் ஆபீசில் ஒரு விதி இருந்ததே, புருஷன் எழுதியதைப் பெண்டாட்டியோ, பெண்டாட்டி எழுதியதைப் புருஷனோ சரிபார்க்கக் கூடாது என்று. நல்லவேளை, சண்டை வீட்டோடு போயிற்று என்று சிரிப்பாய். போன வாரம் மேனேஜர் ராவ் சார் உன் ஸ்கிரிப்டை என் பெயருக்கே அனுப்பிவிட்டார். புது ஆளிடம் ஒப்படைக்கும் முன் யாராவது பார்க்க வேண்டுமாம். விதி என்ன ஆயிற்று என்று அவர் முன்னால் போய் நின்றேன். மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சர்வரில் இருக்கும் சோர்ஸ் கோட் ஃபைல்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி டெஸ்டிங் ஆட்களுக்குக் கொடுக்கிற ஸ்கிரிப்ட் அது. யார், எந்தக் கம்ப்யூட்டரில் பிரித்து ஓட்டினாலும் ஒரே முடிவு வர வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நாடித்துடிப்பைக் காட்டும் நம் மெஷினை அதை நம்பித்தான் வெளியே அனுப்புகிறோம்.

வரி வரியாகப் படித்தேன். உன் பீரோ மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு வரி மட்டும் இடித்தது. எல்லா ஃபைலையும் சர்வரிலிருந்து எடுக்கிற நீ, அலாரம் ஃபைலை மட்டும் உனக்கென்று கம்ப்யூட்டரில் ஒதுக்கியிருந்த சொந்த டைரக்டரியிலிருந்து எடுத்திருக்கிறாய். இரண்டையும் ஒப்பிட்டேன். உன்னிடம் இருந்தது திருத்தியது. சர்வரில் இருந்தது பழையது. நோயாளியின் விரலில் மாட்டிய ஒயர் கழன்றால், பழைய ஃபைல் உள்ள மெஷின் அலாரம் அடிக்காமல் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

டெஸ்டிங்கில் பாஸானது உன் ஃபைல். ஆஸ்பத்திரிகளுக்குப் போன மெஷின்களில் ஏற்றியது நேரே சர்வரிலிருந்து, அதனால் அவற்றில் இருப்பது பழைய ஃபைல். ஏன் எஸ்தர் அப்படிச் செய்தாய்? சோதித்துப் பார்த்துவிட்டு மறுநாள் சர்வரில் ஏற்றலாம் என்றிருந்தாயா? அந்த மறுநாள்தான் உன்னைக் காய்ச்சலோடு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனேனா?

ராவ் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஃபைலை சர்வரில் ஏற்றிவிட்டால் இனி போகிற மெஷின்கள் சரியாகிவிடும், ரிப்போர்ட் வேண்டாம் என்றார். "எஸ்தர் பேர்ல கடைசியா ஒரு தப்பா இருக்கணும், ஜோசப்? விட்டுடுங்க."

உன் மேல் வைத்த பிரியத்தில் சொன்னார். எனக்கும் தலையாட்டத்தான் தோன்றியது. ஆனால் போய்விட்ட மெஷின்கள்? என்ன தப்பு என்று எழுதாமல் அவற்றைத் திரும்பக் கேட்க முடியாது.

கடைசி நாள் உன் பக்கத்தில் இருந்தது வேறு கம்பெனி மெஷின். நீ ஏதோ சொல்ல வாயசைத்தபோதுகூட நான் அதிலிருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் நன்றாக இருக்கிறது, அதனால் நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பினேன். இன்று எவனோ ஒருத்தன் எங்கோ அப்படி உட்கார்ந்து நம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பு, வரி, உன் பெயர் எல்லாம். மெஷின்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரிகளுக்கு ஃபேக்ஸ் போயிருக்கிறது. எல்லாரும் பதில் போடவில்லை. போன் அடித்தாலே, ஏதாவது நடந்துவிட்டதாகச் சொல்லப்போகிறார்களோ என்று நானே ஓடிப்போய் எடுக்கிறேன். ராவ் சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தப்புக்கான காரணத்தை ஸ்கிரிப்ட் எழுதியவரே சொல்ல வேண்டும் இல்லையா, அதை உன் சார்பில் என்னையே எழுதச் சொன்னார்கள். உடம்பு முடியாத நேரம், மறந்திருப்பாள் என்று எழுதத்தான் கை போயிற்று. ஆனால் எனக்கு எது நிச்சயமாகத் தெரியும்? "தெரியவில்லை. அவளிடம் கேட்க முடியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி மெஷினும் வந்து, உன் ஃபைல் அதில் ஏறி, ஒயரைக் கழற்றினால் அலாரம் அடிப்பதை என் காதால் கேட்காமல் ஓயமாட்டேன். கேட்டதும் நேரே கல்லறைக்கு வருகிறேன். கோபம் இருந்தால் அன்றைக்குத் திட்டு.

உன் புருஷன்,
ஜோசப்