கீழ்வீட்டுச் சுவரும் சிவப்பு அரளியும்

ஜூன் 12, வியாழன்

அதுக்காக இப்படியும் ஒரு வேலையா, நீயே சொல்லு மாரியாத்தா. இன்னும் வராத பூகம்பத்துக்கு மாசா மாசம் சம்பளம் வாங்குகிறாள் என் அண்ணன் மகள் தேஜஸ்ரீ. சென்னையில் இன்ஜினியர். கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் ஆட்டிப் பார்த்து, எது நிற்கும், எது விழும் என்று சொல்கிறாளாம். லீவுக்கு நல்லூர் வந்தவள் காபி குடித்த கையோடு டேப்பை எடுத்து எங்கள் வீட்டையே அளக்கிறாள்.

காரணம், என் வீட்டுக்காரர் கீழ்வீட்டுச் சுவர்களை இடிக்கப் போகிறார். பனியன் கட்டு ஏற்றுகிற டெம்போ உள்ளேயே வந்து நிற்க வேண்டுமாம். மாடியில் எங்கள் தையல் யூனிட். புதன்கிழமை மேஸ்திரி மணியன் ஆளோடு வருகிறார்.

ஜூன் 13, வெள்ளி

லேப்டாப்பில் எங்கள் வீடு! சுவரை எடுத்துவிட்டு ஆட்டிக் காட்டினாள். கீழே தூண்கள் மடங்கி, மாடி அப்படியே தரையில் உட்கார்ந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் தேடினேன்.

"பூஜை ரூம்பு எங்க கண்ணு?"

"அதெல்லாம் போடலீங்க அத்தை."

"அதான் உளுகுது."

தலையில் அடித்துக்கொண்டாள். இவர் கேட்டார், "எந்தத் தேதிக்கு வருதாமா பூகம்பம்?"

"தேதி யாருக்கும் தெரியாதுங்க மாமா. ஆனா வந்தா இந்த ஊடு நிக்காது. மேல இருவது பேரு தைக்கறாங்க."

"தேதி சொல்லாத சோசியனுக்கு எங்கூர்ல வெத்தல பாக்குகூடக் குடுக்க மாட்டோம்."

பிள்ளை முகம் சுண்டிப்போய்ச் சாப்பிடவே இல்லை. இல்லை, சாப்பிட்டாள். மூன்று தோசையோடு நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

தெருவில் லோடு லாரி போய் ஜன்னல் அதிர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "லாரிங்க அத்தை" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

தூக்கமே இல்லை. மாடியில் மிஷின் ஓடினால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். எதுக்குப் பிடிக்கிறேன்? நான் பிடிச்சா நிக்குமா?

உன் கோயிலில் பூக் கேட்டுவிடலாம் என்றேன். வெள்ளை வந்தால் இடிக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. இவரும் சரி என்றார். தேஜஸ்ரீதான், "அம்மன் சிவில் படிச்சிருக்குதுங்களா அத்தை?" என்றாள். வாயிலேயே போட்டேன்.

போனும் கையுமாக அவளும் கூடவே வந்தாள். பூசாரி அரளியை இரண்டு பொட்டலமாக உன் காலடியில் வைத்தார். கண்ணை மூடி மனசுக்குள் கேட்டேன். ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு!

இவர் அங்கேயே மணியனுக்குப் போன் போட்டார். "வர வேண்டாமுங்க மேஸ்திரி. ஆத்தா உத்தரவு குடுக்கல."

ஜூன் 22, ஞாயிறு

டெம்போ தெருவில்தான் நிற்கிறது. அம்மனே வந்து ஊட்டைக் காப்பாத்திருச்சு என்று இவர் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். தேஜஸ்ரீயை ரயிலேற்றினோம். "ஆறு வருசம் படிச்சது தோத்துருச்சு, ஒத்தை அரளி ஜெயிச்சிருச்சுங்க அத்தை" என்று சிரித்தாள். ஊத்துக்குளி நெய் ஒரு டப்பா கொடுத்தேன்.

வந்து உனக்கு விளக்கேற்றிக் கும்பிடக் கண்ணை மூடினேன்— ஐயோ ஆத்தா! இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பூக் கேட்ட அன்றைக்கு உன் முன்னால் நிற்கும்போதும் தேஜஸ்ரீ போனில், எந்த ஊர்க் கட்டடமோ விழும் விழும் என்று ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த எரிச்சலில் எனக்குச் சுவரே மறந்துவிட்டது. இந்தப் பிள்ளை இந்த வேலையை விட்டுடலாமா என்றுதான் உன்னிடம் கேட்டேன்.