மருந்தா, உப்புத் தண்ணீரா

உங்களுக்கு என் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நம் பேத்திக்குச் சமைத்துப் போட வந்த நான் நலம்.

பதறாமல் படியுங்கள். அவள் வருஷக்கணக்காகப் பாடுபட்டுக் கண்டுபிடித்த காய்ச்சல் தடுப்பூசியை ஆஸ்பத்திரியில் ஆட்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீராம். யாருக்கு எது என்று கண்டுபிடித்தவளுக்கே தெரியக் கூடாதாம்!

"தெரிஞ்சா மனசு ஆசைப்பட்ட பக்கம் சாஞ்சிடும் பாட்டி. கை வலிச்சா ஆஸ்பத்திரில சொல்லு, என்கிட்ட மூச்சு விடாதே" என்றாள்.

சாயங்காலமே ஊசி போட்ட வலது தோள் வீங்கிவிட்டது. உப்புத் தண்ணீருக்கு இப்படி வீங்குமா? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் சொன்னேன். மறுநாள் குக்கரை இடது கையால் இறக்கினேன்.

"என்ன பாட்டி?"

"அந்தக் கையும் வேலை பழகட்டுமே."

என் வலது கையைப் பார்த்துவிடக் கூடாதென்று அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். போனில் சொன்னால் அவள் காதில் விழும். இங்கே எனக்குப் பேச்சுத் துணை குக்கர்தான். என் பழைய மூக்குக்கண்ணாடியையும், நீங்கள் போர்த்திக்கொள்ளும் துண்டில் ஒன்றையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அவள் போன் செய்தால் என் கையைப் பற்றி மட்டும் விசாரித்துவிடாதீர்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மடித்து வைக்கிறேன்.